மூணு நூல் என்று எழுதிக் கொடுத்தேன்

அந்த எண்ணம் எனக்கு வந்த இடம் காரிமங்கலம் சந்தை. தக்காளி வாங்கப் போனவள், ஆடு ஏற்றி வந்த ஒரு பழைய டீசல் வேனுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். டிரைவர் தன் சீட்டைத் தூக்கிச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த மாதிரி வேன்களில் என்ஜின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். இடமே இல்லாத இடத்தில் உட்கார வேண்டும் என்பதால் ஒடுக்கமாகவும் குட்டையாகவும் செய்திருப்பார்கள். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தோன்றியது: இது அம்பாசடருக்குள் போகும். எதையும் அறுக்காமல், எதையும் தட்டி நெளிக்காமல் போகும்.

கையில் டேப் இல்லை. துப்பட்டாவை எடுத்து என்ஜின் மேல் பிடித்து, நீளத்துக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு போட்டேன். டிரைவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“அளவு எடுக்கறேங்க.”

“எதுக்கு, என்ஜினுக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?”

தக்காளி வாங்காமலே பஸ் ஏறினேன். அரூர் வந்து சேரும் வரை அந்த முடிச்சுகளைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்யும் ஷெட்டில் என்ஜின் இறக்கி வைத்திருந்த ஒரு அம்பாசடரின் வெற்றுக் குழிக்குள் துப்பட்டாவை விரித்துப் பார்த்தேன். நான்கு விரல் இடம் மிச்சம் இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குச் சேரப்போகும் உங்கள் இரண்டு பேருக்காக இதை எழுதுகிறேன். இந்த மாதிரி அனுபவம் எல்லாம் ரிட்டயர் ஆனவர்கள் எழுதுவது. எனக்கு இருபத்தெட்டு வயது, இந்த ஷெட்டில் மூன்று வருடம். ஆனால் போன மாதம் நடந்ததற்குப் பிறகு, வயதாகும் வரை காத்திருந்து சொல்லும் விஷயம் இல்லை இது என்று தோன்றிவிட்டது. என்ஜினை எப்படித் தூக்குவது, எப்படி இறக்குவது என்பதை மாதையண்ணன் உங்களுக்கு ஒரு வாரத்தில் காட்டிவிடுவார். அதை நான் எழுதப் போவதில்லை.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய காருக்குள் வேறு ஒரு வண்டியின் என்ஜினை வைக்கும்போது, என்ஜின் வருவது பாதி வேலைதான். அந்த என்ஜினோடு ஒட்டி வரும் ஒவ்வொன்றும் காரில் ஏற்கனவே இருப்பதோடு கை கோர்க்க வேண்டும். கிளட்ச் பிளேட்டின் பல், கியர்பாக்ஸின் பல்லோடு. ரேடியேட்டர் குழாய், தண்ணீர் பம்பின் வாயோடு. ஒன்று அம்பது வருடத்துக்கு முந்தியது, இன்னொன்று இருபது வருடத்துக்கு முந்தியது. எதற்கு எது சேரும் என்று பார்த்து, சாமான் சீட்டு எழுதிக் கொடுப்பவள் நான். வாங்கி வந்ததை மாட்டுபவர் மாதையண்ணன். வண்டியின் பேப்பர், அனுமதி, கஸ்டமர் எல்லாம் முதலாளி.

முதல் வண்டியிலேயே நான் ஒரு தப்பு செய்தேன். ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் ஃபேன் வைத்து, அதன் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஃபேன் சுற்றியது, நன்றாகவே சுற்றியது. ஆனால் வண்டி மூன்று கிலோமீட்டர் ஓடியதும் கொதித்தது. மாதையண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முன்னால் கிரில்லுக்கு நேரே பிடித்தார். துண்டு உள்ளே ஒட்டாமல் அவர் முகத்தில் வந்து அடித்தது.

“ஏம்மா, என்ஜினுக்குக் காத்து வெக்கச் சொன்னா அரூருக்கே காத்து வெச்சிருக்கியே” என்றார்.

ஒரு வாரம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவரை என் தப்புகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. சிரிப்போடு போனவை. அதனால் நான் ஒன்று நம்பியிருந்தேன்: தப்பான சாமான் தானே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஏறாது, இல்லை சுற்றாது, இல்லை கொதிக்கும். சரியாக மாட்டிக்கொண்டு, சரியாக வேலை செய்துகொண்டே ஒரு சாமான் தப்பாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. படித்தவள்தான். அப்படியும் தெரியாது.

இப்போது நூலுக்கு வருகிறேன். நீங்கள் பாலிடெக்னிக்கில் இந்த வார்த்தையைக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அப்படியானால் மூணு நூல் என்பது எட்டில் மூன்று அங்குலம், அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர். கணக்கு அதுதான். ஆனால் கம்பிக் கடைக்குப் போய் பத்து மில்லி கம்பி கேட்டுப் பாருங்கள். “மூணு நூல் கம்பியா?” என்பார்கள். வீடு கட்டுகிற மேஸ்திரி சொல்வதும் அதுதான். ஒன்பதரையும் பத்தும் நம் ஊரில் ஒரே பெயரில் புழங்குகின்றன. கம்பிக்கு அரை மில்லி ஒரு பெரிய விஷயம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சீட்டில் படித்த மாதிரிதான் எழுதினேன். எம் பத்து, மரை என்கிற திருகுப் புரி ஒன்று மில்லி, இத்தனை நீளம் என்று. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார். “உங்க இன்ஜினியர் பாப்பா அனுப்புனது சாமான் சீட்டா, வைஃபை பாஸ்வேர்டாங்க?” முதலாளி அதை ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் கேட்க வைத்தார்.

அடுத்த சீட்டிலிருந்து நான் மூணு நூல், நாலு நூல் என்று எழுத ஆரம்பித்தேன். சீட்டு திரும்பி வரவில்லை. மாதையண்ணன், “இப்பத்தான் நீ ஷெட்டு ஆளு” என்றார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

சந்தையில் பார்த்த அந்த என்ஜின் வகையை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு அம்பாசடர்களில் வைத்தோம். டீசல் என்ஜின் கனம் அதிகம், வேகமும் அதிகம். பழைய காரின் பிரேக்கில் உதவி எதுவும் கிடையாது, மிதிக்கிறவரின் கால் பலம்தான் பிரேக். அதனால் என்ஜின் ஓடும்போது கால் பலத்தைப் பெருக்கித் தரும் அந்த வேனின் பிரேக் பூஸ்டரையும், மிதித்ததும் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றலாம் என்று நான்தான் சொன்னேன். அது நல்ல யோசனை, இப்போதும் அப்படித்தான் சொல்வேன். பெடலை லேசாகத் தொட்டால் வண்டி நிற்கும். கஸ்டமர்கள் எல்லோரும் முதலில் பாராட்டுவதே பிரேக்கைத்தான்.

அந்த மாஸ்டர் சிலிண்டரில் ஒரே ஒரு வாய். அதிலிருந்து கிளம்பும் ஒரே பைப்தான் பிரிந்து நான்கு சக்கரத்துக்கும் போகிறது. சிலிண்டர் வேனுடையது, மில்லிமீட்டர் காலத்தது, வாய் பத்து மில்லி. பைப்பும் அதன் முனையில் இருக்கிற நட்டும் காருடையவை, அங்குலக் காலத்தவை. இந்த நட்டுக்கு மரை வெளிப்பக்கம், வாய்க்குள் ஏறும்; அளவு ஒன்பதரை மில்லி. நான் சீட்டில் எழுதியது: “பிரேக் பைப் நட்டு, மூணு நூல்.” கடைக்காரர் காருக்கு என்று நினைத்து அங்குல நட்டையே கொடுத்தார். மாட்டினால் ஏறியது. மரைக்கு மரை இடைவெளிகூட இரண்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். பதினொன்றாம் நம்பர் ஸ்பேனர் இரண்டு தலைக்கும் பொருந்தும். இறுக்கினால் இறுகும். பைப்பின் முனை குடை மாதிரி விரிந்திருப்பதால் அழுந்தி உட்கார்ந்து சொட்டு எண்ணெய்கூடக் கசியாமல் அடைத்துக்கொள்ளும். டெஸ்ட் ஓட்டிப் பார்த்தால் பிரேக் கல்லு மாதிரி இருக்கும்.

ஆனால் மரை, மரையைப் பிடித்திருக்காது. நுனியில் தொட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். மெதுவாக மிதிக்கும் வரை நிற்கும். ஒரே ஒரு தரம் உயிர் போகிற அவசரத்தில் மிதித்தால், அன்றைக்குத்தான் உருவிக்கொண்டு வரும். எப்போது பிரேக் வேண்டுமோ, சரியாக அப்போது.

இது எனக்குத் தெரிய வந்தது போன மாதம், ஒரு முகூர்த்த நாளில், காலை ஒன்பது மணிக்கு. எட்டாவது வண்டிக்குச் சாமான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வேனிலிருந்து கழற்றி வந்த மாஸ்டர் சிலிண்டரில் அதன் சொந்தப் பைப்பின் துண்டு ஒன்று நட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றினேன். எதற்கு என்று இல்லாமல், கை சும்மா இருக்காமல், திரும்ப விரலாலேயே ஏற்றினேன். வெண்ணெய் மாதிரி போனது, ஆட்டம் இல்லை. பக்கத்தில் நாங்கள் வழக்கமாகப் போடும் நட்டு கிடந்தது. அதையும் ஏற்றினேன். அதுவும் போனது. மூன்றாவது சுற்றில் தலையை லேசாக ஆட்டிப் பார்த்தேன். ஆடியது.

வெர்னியரை எடுத்து இரண்டையும் அளந்தேன். பிறகு இன்னொரு தரம் அளந்தேன். வெர்னியர் தப்பாக இருக்க வேண்டும் என்று மூன்றாவது தரமும் அளந்தேன்.

“மாதையண்ணா, கோவிந்தராஜ் வண்டி எங்க?”

கோவிந்தராஜ் அரூர்க்காரர். வெள்ளை அம்பாசடர் ஒன்றைத் துடைத்துப் பூ வைத்துக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறவர். நாங்கள் மாற்றிய ஏழாவது வண்டி அவருடையது. மூன்று நாளைக்கு முன்னால்தான் எடுத்துப் போயிருந்தார்.

“சேலத்துக்குப் பொண்ணு கூட்டிட்டுப் போறாரு. எட்டரைக்கு நம்ம ஷெட்டு முன்னால ஆரன் அடிச்சுட்டுப் போனாரே, நீ கேக்கலையா?”

சேலத்துக்கு என்றால் மஞ்சவாடி கணவாய். இந்தப் பக்கம் ஏற்றம், அந்தப் பக்கம் வளைந்து வளைந்து இறக்கம்.

நட்டை அவர் கையில் கொடுத்தேன். ஏற்றி, ஆட்டிப் பார்த்தார். மறுபடி கழற்றி ஏற்றினார். பிறகு, “லீக் இல்ல கண்ணு. நானே ஓட்டிப் பாத்துத்தான் அனுப்புனேன்” என்றார். அவர் குரல் அதை என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை.

முதலாளி டீ டம்ளரோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“கல்யாண வண்டிம்மா அது. பொண்ண உக்கார வெச்சுட்டுப் போற வண்டிய நடுரோட்டுல நிறுத்தச் சொல்றியா? முகூர்த்தம் தப்புச்சுன்னா ஊருல எவன் நம்ம ஷெட்டுக்கு வருவான்? சாயந்தரம் திரும்பி வரட்டும், மாத்திக் குடுத்துரலாம்.”

“திரும்பி வருங்களா?”

அவர் டம்ளரை பானெட் மேல் வைத்தார். “நீயே பேசு. நான் பேச மாட்டேன்.”

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. மூன்று நாள் ஓடிய வண்டி இன்னும் ஒரு நாள் ஓடாதா என்று நினைக்க எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் நானும் அப்படித்தான் நின்றேன். அந்த ஒரு நிமிடத்தில் வண்டி ஒரு கிலோமீட்டர் போயிருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இரண்டு தரம் அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாவது தரம் ஒரு பெண் குரல்.

“அவரு வண்டி ஓட்டிக்கிட்டு இருக்காருங்க. நான் பொண்ணோட சித்தி. யாருங்க?”

“ஷெட்டுல இருந்து பேசறேங்க. இப்ப எங்க இருக்கீங்க?”

“மஞ்சவாடி மேடு ஏறிக்கிட்டு இருக்கோம். ஏனுங்க?”

ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. மேட்டில் ஏறும் வண்டியை நிறுத்த பிரேக் தேவையில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதுவாகவே சோர்ந்து நிற்கும். உச்சியைத் தாண்டிவிட்டால் அந்த வசதி இல்லை. எவ்வளவு தூரத்தில் உச்சி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

“சித்தி, நான் சொல்றத அப்படியே அவருகிட்டச் சொல்லுங்க. இப்பவே ஓரமா நிறுத்தணும். பிரேக்க மிதிக்க வேண்டாம். ஆக்ஸிலேட்டர விட்டுட்டு, வண்டி தானா நின்னதும் ஹேண்ட் பிரேக்க இழுக்கணும்.”

அவர் திரும்பிச் சொல்வது கேட்டது. ஸ்டீரியோவில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. கோவிந்தராஜ் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

“பிரேக்கு சூப்பரா இருக்குதாம். மண்டபத்துக்குப் போயிட்டுப் பேசறேங்கறாரு.”

என்ன சொல்வது? பிரேக் போகப் போகிறது என்று சொன்னால் பயத்தில் மிதித்துவிடுவார். சொல்லாவிட்டால் நிற்க மாட்டார். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அது சரியா என்று இன்றைக்கும் தெரியாது.

“சித்தி, வண்டியில எத்தனை பேரு இருக்கீங்க?”

“பொண்ணு, நானு, அவ தம்பி, அவரு. நாலு பேரு.”

“வண்டிக்கு ஒரு சாமான் தப்பா போட்டுட்டோம். தப்பு எங்க மேலதான். மேட்டுல நின்னா ஒண்ணும் ஆகாது. எறங்குனா நான் எதுவும் சொல்ல முடியாது. நிறுத்தச் சொல்லுங்க.”

இந்தத் தரம் அவர் திரும்பிச் சொல்லவில்லை, அதட்டினார். “ஏப்பா, நிறுத்துன்னா நிறுத்து.” நாதஸ்வரம் நின்றது. என்ஜின் சத்தம் தணிந்தது. ஹேண்ட் பிரேக் இழுக்கும் கடகட சத்தம் கேட்டது. அது தனிக் கம்பியில் பின் சக்கரத்துக்குப் போவது, எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கோவிந்தராஜ் போனை வாங்கினார். கோபமாக இருந்தார். “என்னங்க மேடம், விளையாடறீங்களா? மூணு நாளா இந்தப் பிரேக்கத்தான் மிதிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“எல்லாரையும் எறக்கிடுங்க. டயருக்குப் பின்னால கல்லு வைங்க. வெச்சாச்சா? இப்ப என்ஜின் ஓடட்டும், நீங்க உக்காந்து, ஒரே ஒரு தரம், உங்க பலத்த எல்லாம் சேத்து மிதிங்க. குறுக்க மாடு வந்தா எப்படி மிதிப்பீங்களோ அப்படி.”

இதை ஏன் சொன்னேன்? அவர் நம்பவில்லை. நம்பாதவர் போனை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பிரேக் போவதென்றால் கல்லு வைத்த சக்கரத்தோடு நிற்கும்போதே போகட்டும் என்று நினைத்தேன். போகாவிட்டால் அவர் என்னை ஆயுசுக்கும் திட்டட்டும்.

“இந்தா மிதிக்கிறேன்” என்றார்.

 சித்தி யாரையோ “அந்தப் பக்கம் போகாத” என்று சொல்வது தூரத்தில் கேட்டது. மாதையண்ணன் என் காதுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றார். முதலாளியும் நகரவில்லை.

“தரைக்குப் போயிருச்சுங்க” என்றார் கோவிந்தராஜ். ரொம்ப மெதுவாக. “பெடலு தரைக்குப் போயிருச்சு. கீழ எல்லாம் எண்ணெய்.”

பிறகு, “அந்த அடுத்த வளைவுக்கப்புறம் எறக்கம் மேடம்” என்றார்.

பின்னால் வந்துகொண்டிருந்த சொந்தக்காரர்களின் வேனில் பெண்ணை ஏற்றி அனுப்பினார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. நானும் மாதையண்ணனும் புதுப் பைப், பத்து மில்லி நட்டு, எண்ணெய் எல்லாம் எடுத்துக்கொண்டு பைக்கில் போனோம்.  

மேட்டில் வெள்ளைக் கார் நின்றது. முகப்பில் மல்லிகைச் சரம், அடியில் கறுத்த ஈரம். நான் குனிந்து பார்த்தேன். நட்டு சிலிண்டரை விட்டு முழுக்க வெளியே வந்து பைப்பில் தொங்கியது. விரலால் சுற்றிப் பார்த்தால் அதன் மரை வழுவழு என்று தேய்ந்திருந்தது. கழன்று வரவில்லை, உருவி வந்திருக்கிறது.

சித்தி போகாமல் இருந்தார். பட்டுப்புடவையோடு ஒரு மைல் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். அம்பது வயது இருக்கும். எழுந்து வந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“யாரு போட்டது?”

மாதையண்ணன் முந்திக்கொண்டார். “சாமான் டூப்ளிகேட்டுங்கம்மா. கடையில ஏமாத்திட்டானுங்க. இப்பல்லாம் எதையும் நம்ப முடியறதில்லீங்க.”

அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அது புரிந்தது. தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கடைக்காரர் நான் எழுதியதைத்தான் கொடுத்தார். சாமான் நல்ல சாமான். அது இருக்க வேண்டிய இடம் வேறு.

“கடை மேல தப்பு இல்லீங்க. நாந்தான் அளவு எழுதிக் குடுத்தேன். ரெண்டு அளவுக்கும் ஒரே பேரச் சொல்லி எழுதிட்டேன்.”

மாதையண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். “மாட்டுனது நாந்தாங்க” என்றார், காலுக்குக் கீழே பார்த்து.

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளும் நிலையில்தான் இருந்தேன். அவர் திட்டவில்லை. “பரவால்லை” என்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த நட்டை வாங்கி, புரட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

“இந்த மாதிரி இன்னும் எத்தனை வண்டிக்கு எழுதிக் குடுத்திருக்க?”

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. ஒன்பது மணியிலிருந்து இந்த ஒரு வண்டி, இந்த ஒரு மேடு, இந்த நாலு பேர், இதைத் தவிர எதுவும் என் மண்டையில் இல்லை. காப்பாற்றிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் கொஞ்சம் பெருமைகூட வர ஆரம்பித்திருந்தது. அந்த அம்மா கேட்டதும் விரல் விட்டு எண்ணினேன்.

“ஆறுங்க.”

“ஆறும் ஓடுதா?”

“ஓடுதுங்க.”

“அப்ப இங்க எதுக்கு நிக்கிற?” என்றார்.

பைப்பை மாற்றி, எண்ணெய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுத்து, கல்லு வைத்த நிலையிலேயே நான்கு தரம் முழுப் பலத்தோடு மிதிக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கோவிந்தராஜிடம் வண்டியைக் கொடுத்தோம். சித்தி அதே வண்டியில்தான் ஏறினார். ஏறும்போது என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே ஆறு பேருக்கும் போன் போட்டோம். முதலாளிதான் முதல் போன் போட்டார். காலையில் பேச மாட்டேன் என்றவர், “எங்க தப்புங்க, வண்டிய எடுக்காதீங்க, நாங்களே வந்து மாத்தறோம்” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நான்கு வண்டிகளை இரண்டு நாளில் முடித்தோம். நான்கிலும் நட்டைக் கழற்றும்போது விரலால் ஆட்டிப் பார்த்தேன், நான்கும் ஆடின. ஒரு வண்டியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தினமும் போய் வந்திருக்கிறார்கள்.

ஐந்தாவது வண்டி கை மாறி எல்லைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. வாங்கியவருக்குத் தமிழ் வராது. மாதையண்ணன் வீட்டில் பேசுவது கன்னடம். அரை மணி நேரம் போனில் பேசினார், நடுவில் தன்னையே திட்டிக்கொண்டார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் மாற்றிவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் என் மேசைமேல் இரண்டு நட்டுகளை வைத்தார். பத்து மில்லியில் வெள்ளைப் பெயிண்ட், ஒன்பதரையில் சிவப்பு. “இனிமே கலரு இல்லாத நட்டு என் கைக்கு வரக்கூடாது. நூலுன்னு எழுதுன சீட்டையும் நான் வாங்க மாட்டேன்” என்றார். நீங்கள் வந்ததும் அந்தப் பெட்டியைப் பார்ப்பீர்கள்.

மீதி ஒன்று. கம்பைநல்லூரில் புளி மண்டி வைத்திருப்பவருடைய வண்டி. நான் மாற்றிய முதல் வண்டி அதுதான், ஊருக்கே காற்று வைத்த அதே வண்டி. போனில் சொன்னேன், கேட்கவில்லை. நேரில் இரண்டு தரம் போனேன்.

“ரெண்டு வருசமா ஓடுது. ஒரு கொறை இல்ல” என்றார். “ஓடற வண்டியத் தொட வேண்டாம் பாப்பா. உனக்குப் புதுசா ஏதோ சாமான் விக்கணும்னா வேற எடம் பாரு.”

“சாமானுக்குக் காசு எதுவும் வேண்டாங்க.”

“சும்மா குடுக்கறேன்னு வர்றவங்களத்தான் நான் மொதல்ல சந்தேகப்படறது.”

நாளைக்கு மூன்றாவது தரம் போகிறேன். மண்டி திறப்பதற்கு முன்னால், ஏழு மணிக்கு, அவர் வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே போய்விட வேண்டும். கழற்றுகிறேன் என்று கேட்கப் போவதில்லை. டயருக்குக் கல்லு வைத்துவிட்டு, “ஒரே ஒரு தரம் முழுசா மிதிச்சுப் பாருங்க, அது மட்டும் போதும்” என்று கேட்கப் போகிறேன். நட்டு உருவிக்கொண்டு வந்தால் அவரே வண்டியைக் கொடுத்துவிடுவார்.

எனக்குப் பயம் அது உருவாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான். ஒரு தரம் தாங்கியது, அடுத்த தரமும் தாங்கும் என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் கண் முன்னால் தாங்கி நிற்கிற பிரேக்கைக் காட்டி, இது தாங்காது என்று ஒருவரை எப்படி நம்ப வைப்பது? பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். பதினொன்றாம் நம்பர் ஸ்பேனரையும் வெள்ளை நட்டையும் பையில் எடுத்து வைத்தாயிற்று.